ஒற்றைத் தடத்தின் சாவி

தஞ்சோங் என்றால் மலாய் மொழியில் கடலுக்குள் நீண்ட முனை. பகார் என்றால் வேலி. வேலியிட்ட முனை எனப் பொருள்படும் தஞ்சோங் பகார், சிங்கப்பூரின் தெற்குக் கரையை ஒட்டிய வட்டாரம். தமிழருக்கு அவ்விடத்தோடு மூன்று வகையான உறவு உண்டு. கப்பலில் சுமை ஏற்றவும் இறக்கவும் நம்மவர் தலைமுறை தலைமுறையாகத் தோள் கொடுத்த துறைமுகம் அங்கே இருந்தது. கடையநல்லூரிலிருந்து வந்து குடியேறிய தமிழ் முஸ்லிம்கள் 1946ஆம் ஆண்டில் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப்பள்ளி அங்கேதான் வளர்ந்தது. 1960இல் உயர்நிலைப் பள்ளியாகவும் உயர்ந்து, தமிழையே பயிற்றுமொழியாகக் கொண்டு நடந்து, 1982இல் மூடப்பட்டது. மூன்றாவது, புகைவண்டி நிலையம். ஜொகூரில் பிறந்து வளர்ந்த என் போன்றோருக்கு இம்மூன்றில் முதலில் அறிமுகமானது அதுவே.

கெப்பல் சாலையில் 1932ஆம் ஆண்டு மே மாதம் திறக்கப்பட்ட அந்நிலையத்தின் முகப்பில் நான்கு சலவைக்கற் சிற்பங்கள் நிற்கின்றன. உழவு, வணிகம், போக்குவரத்து, தொழில் ஆகிய நான்கையும் குறிப்பவை அவை. உள்ளே உயர்ந்த கூடம். சுவரில் நெல்வயலும் ரப்பர்த் தோட்டமும் ஈயச் சுரங்கமும் ஓவியங்களாக விளங்கும். 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் இரவு கடைசி வண்டி அங்கிருந்து புறப்பட்டது. ஜொகூர் சுல்தானே அவ்வண்டியை ஓட்டிச் சென்றார். அதே ஆண்டில் நிலையக் கட்டடம் தேசிய நினைவுச் சின்னமாக்கப்பட்டது; பின்னர் அதன் அடியில் பாதாள இரயில் நிலையமும் கட்டப்பட்டது.

நான் எழுத வந்த பொருள் புகைவண்டி அன்று, கணினி. ஆயினும் அக்கணினியின் உள்ளே நடப்பதை நான் விளங்கிக்கொண்டது அந்த இரயில் தடத்தின் வழியாகவே ஆதலால், முதலில் தடத்தைப் பற்றிச் சில சொற்கள் கூற வேண்டும்.

உட்லண்ட்ஸ் முதல் தஞ்சோங் பகார் வரை ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளமுள்ள அத்தடம் ஒற்றைத் தடம். போகும் வண்டிக்கும் வரும் வண்டிக்கும் ஒரே இருப்புப் பாதை. எதிரெதிரே வரும் இரு வண்டிகள் ஒன்றையொன்று கடக்க வேண்டுமாயின், இடையிலே புக்கிட் தீமா போன்ற நிலையத்தில் பாதை இரண்டாகப் பிரிந்து மீண்டும் கூடும் இடத்தில் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டும். பள்ளி விடுமுறையில் என் தந்தையாரோடு அத்தை வீட்டுக்குச் செல்லும்போதெல்லாம் எங்கள் வண்டி புக்கிட் தீமாவில் நின்றதுண்டு. ஏறுவோரும் இறங்குவோரும் இலர். சுற்றிலும் மரங்களும் புல்லும். ஏன் நிற்கிறது என்று கேட்டால், "சாவி வரவில்லை" என்பார் தந்தையார். வீட்டுக்குச் சாவி உண்டு, பெட்டிக்குச் சாவி உண்டு. வழிக்கும் சாவி உண்டோ என்று நான் வியந்திருக்கிறேன்.

உண்மையிலேயே சாவி உண்டு. தடத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் இரு முனையிலும் ஒவ்வோர் இயந்திரம் இருக்கும். அவை மின்கம்பியால் பிணைக்கப்பட்டவை. ஒரு முனையில் ஒரு சாவியை எடுத்துவிட்டால், அது மறுமுனையிலோ எடுத்த இடத்திலோ திரும்பவும் செருகப்படும் வரை இரண்டாம் சாவி வெளிவராது. அந்தச் சாவியைக் கையில் கொண்ட ஓட்டுநரே அப்பகுதிக்குள் நுழையலாம். பெரிய வளையமொன்றில் கோத்த பையில் அச்சாவியை இட்டு நிலைய ஊழியர் நீட்ட, வண்டி மெல்ல நகர்கையிலேயே ஓட்டுநர் கை நீட்டி வாங்குவார். முந்திய பகுதியின் சாவியை அதேபோல் கொடுத்துவிடுவார். புக்கிட் தீமாவில் இவ்வழக்கம் 2011இல் தடம் மூடப்படும் வரை நடைபெற்றது. விண்கலம் விடும் காலத்திலும் வளையம் நீட்டிச் சாவி வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்று சிரிப்போர் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்பதை இனிக் கூறுகிறேன்.

என்னிடம் ஆறாம் ஆண்டில் பயின்ற மாணவர் ஒருவர் இப்போது சிங்கப்பூரில் இயந்திரக் கட்டுப்பாட்டுப் பொறியாளராகப் பணியாற்றுகிறார். குடியிருப்பதும் தஞ்சோங் பகாரிலேதான். சென்ற ஆண்டு அவர் என்னைத் தேடிவந்து ஒரு வேண்டுகோள் வைத்தார். அவருடைய மகள் உயர்நிலைப் பள்ளி மாணவி. தந்தை என்ன வேலை செய்கிறார் என்று அவள் கேட்க, அவர் தமிழில் சொல்லத் தொடங்கி, இரண்டாம் வாக்கியத்திலேயே ஆங்கிலத்துக்குப் போய்விட்டாராம். "இதெல்லாம் தமிழில் சொல்ல முடியாது, அப்பா, தமிழ் தேர்வுக்குத்தான்" என்றாளாம் மகள். சினந்து சொன்ன சொல் அன்று; ஆறுதலாகச் சொன்ன சொல். அதுதான் அவரை வருத்தியது.

"ஐயா, பொருள் எனக்குத் தெரியும். சொல்லுக்கு நீங்கள் துணை நின்றால், எங்கள் அடுக்குமாடிப் பிள்ளைகள் இருபது பேரை உட்கார வைத்து ஒரு மாலை முழுதும் தமிழிலேயே விளக்கிவிடுவேன்" என்றார் அவர். கணக்கும் அறிவியலும் தமிழில் முழங்கிய பள்ளி இருந்த அதே வட்டாரத்தில், இன்று ஒரு மாலைப் பொழுதுக்கு இத்தனை தயக்கம். நான் உடன்பட்டேன். நான்கு சனிக்கிழமைகள் எல்லை கடந்து சென்று அவரோடு அமர்ந்தேன். அவர் கூறக் கேட்டு நான் உணர்ந்துகொண்டதையே இங்கு எழுதுகிறேன்.

கணினியின் மையச் செயலகம் ஒரு கணத்தில் ஒரு வேலையைத்தான் செய்யும். இக்காலச் செயலகங்களில் நான்கு, எட்டு எனப் பல உட்பகுதிகள் உள்ளனவாயினும், ஒவ்வோர் உட்பகுதியும் ஒற்றைத் தடமே. வேலைகளோ நூற்றுக்கணக்கில் உண்டு. தொடக்கமும் போக்கும் உடைய ஒவ்வொரு வேலைத் தொடரையும் இழை என்கிறோம். நெசவாளி கையில் பல இழைகள் ஒரு துணியாவது போலப் பல இழைகள் சேர்ந்து ஒரு செயலாகின்றன. எந்த இழையை இப்போது ஓடவிடுவது, எதை நிறுத்திவைப்பது, நின்றதை எப்போது எழுப்புவது என்று முடிவு செய்யும் பகுதி ஒன்று கணினியின் இயங்குதளத்தில் உண்டு. அதற்கு முறையாளர் என்று பெயரிட்டோம். கோயில்களிலும் ஊர்ப்பணிகளிலும் 'முறை' வைத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் பழமையானது. ஆதலால் இச்சொல் குழந்தைகளுக்கும் உறுத்தவில்லை.

1991ஆம் ஆண்டில் ஹெல்சிங்கியில் பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் இயங்குதளம் இன்று கைப்பேசி முதல் மீக்கணினி வரை பரவியுள்ளது. அதன் வழக்கமான முறையாளர் நியாயத்தை அடிப்படையாகக் கொண்டவர். எல்லா இழைகளுக்கும் பங்கு கிடைக்க வேண்டும். எவரும் பட்டினி கிடக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. கடிதம் எழுதவும் படம் பார்க்கவும் இந்நியாயம் போதும். என் மாணவரின் இயந்திரக் கைக்குப் போதாது. அக்கை எங்கே இருக்கிறது என்பதை ஒவ்வொரு மில்லி நொடியும், அதாவது நொடிக்கு 1000 முறை, அளந்து பார்த்து அடுத்த அசைவைக் கட்டளையிட வேண்டும். 999 முறை மிக விரைவாகச் செய்துவிட்டு, ஆயிரமாவது முறை ஐந்து மில்லி நொடி தாமதித்தால் கை எதையேனும் இடித்துவிடும். ஆதலால் நிகழ்நேர இயக்கம் என்பதற்கு மிக விரைவான இயக்கம் என்று பொருள் கொள்வது தவறு. சொன்ன நேரத்துக்குள் கட்டாயம் முடியும் என்ற உறுதியே அதன் பொருள். பறக்கும் தட்டும் வேண்டாம், புயல் வேகமும் வேண்டாம். நாள்தோறும் மணியடிக்குமுன் வாயிலில் நிற்கும் ஆசிரியர் ஒருவரை நினைத்துக்கொண்டால் போதும்.

இதற்கென லினக்ஸில் வேறு வகை முறை உண்டு. 1 முதல் 99 வரை முன்னுரிமை எண்கள் உள்ளன. எண் உயர்ந்த இழை எழுந்தால், எண் தாழ்ந்த இழை அந்த இடத்திலேயே நிறுத்தப்படும். உயர்ந்தது தானாக நிற்கும் வரை, அல்லது அதனினும் உயர்ந்தது வரும் வரை, ஓடிக்கொண்டே இருக்கலாம். சம எண்ணுடையவை வந்த வரிசையில் ஓடும். விரும்பினால் அவற்றுக்குள் நேரம் பிரித்து மாறிமாறி ஓடவும் செய்யலாம். 2014இல் வேறொரு முறையும் சேர்ந்தது. அதில் இழையானது, 'இத்தனை நேரத்துக்கு ஒருமுறை எனக்கு இவ்வளவு நேரம் வேண்டும். இந்தக் கெடுவுக்குள் வேண்டும்' என்று முன்கூட்டியே விண்ணப்பிக்கும். தாங்காது எனின் முறையாளர் அவ்விண்ணப்பத்தையே மறுத்துவிடுவார். ஏற்றுக்கொண்டு பின்னர்க் கைவிரிப்பதைவிட வாயிலிலேயே மறுப்பது மேல் என்பது என் கருத்தும்கூட. பள்ளிக்கூடங்களில் நாம் எத்தனை பொறுப்புகளை ஏற்றுக்கொண்ட பின் கைவிரிக்கிறோம்!

இனி உறக்கம். வேலை முடிந்த இழை அடுத்த முறை வரும் வரை உறங்க வேண்டும். உறங்காமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சுற்றிவந்தால் தடம் வீணாகும். இளைய பொறியாளர்கள் பெரும்பாலும், "ஒரு மில்லி நொடி உறங்கு" என்று எழுதிவிடுவார்களாம். வேலைக்கு 0.2 மில்லி நொடி, உறக்கத்துக்கு 1 மில்லி நொடி. ஆக ஒரு சுற்றுக்கு 1.2. நொடிக்கு 1000 முறை நடக்க வேண்டியது 833 முறையே நடக்கும். வேலை சில சமயம் நீளும், சில சமயம் குறுகும்; சுற்றும் அதற்கேற்ப அலையும். சரியான கட்டளை, "இன்ன நேரத்தில் என்னை எழுப்பு" என்பது. எழுந்ததும் அந்நேரத்தோடு ஒரு மில்லி நொடியைக் கூட்டி அடுத்த நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். வேலை நீண்டாலும் குறுகினாலும் விழிக்கும் நேரம் மாறாது.

இதைக் கேட்டபோது எனக்கு நம் பாடவேளை மணி நினைவுக்கு வந்தது. ஓர் ஆசிரியர், தாம் வகுப்புக்குள் நுழைந்ததிலிருந்து முப்பது நிமிடம் எண்ணுகிறார். இன்னொருவர், மணி அடித்ததிலிருந்து எண்ணுகிறார். முதலாமவர் நேர்மையானவரே, தமக்குரிய முப்பது நிமிடத்துக்கு மேல் ஒரு நிமிடமும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆயினும் வகுப்பு மாறுவதற்கு இரண்டு நிமிடம் ஆகுமெனில், எல்லாரும் அவரைப் போலவே எண்ணும் பள்ளியில் பத்தாம் பாடவேளை ஏறத்தாழ இருபது நிமிடம் பிந்தித்தான் முடியும். பேருந்து அதற்குள் போயிருக்கும். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குப் பாடத்திட்டம் வகுக்கக் கற்பித்தார்கள். நேரத்தை எங்கிருந்து எண்ணுவது என்று ஒருவரும் கற்பித்ததாக நினைவில்லை.

மூன்றாம் சனிக்கிழமைதான் நாங்கள் உண்மையான சிக்கலுக்கு வந்தோம். ஓர் இழை தானாக நிற்பது ஒன்று. அதனைப் பிறிதோர் இழை வெளியிலிருந்து நிறுத்துவது வேறொன்று. புதிதாகப் பணிக்கு வருவோர், "அந்த இழையை இப்போது இடைநிறுத்து, பிறகு நான் சொல்லும்போது தொடரவிடு" என்றொரு கட்டளையைத் தேடுவார்களாம். லினக்ஸ் இழைகளுக்கான பொது விதிமுறையில் அத்தகைய கட்டளை இல்லை. ஒரு செயல் முழுவதையும் நிறுத்தும் சமிக்ஞை உண்டு. அது அச்செயலின் இழைகள் அனைத்தையும் ஒருங்கே நிறுத்திவிடும். ஜாவா என்னும் கணினி மொழியில் ஒற்றை இழையை வெளியிலிருந்து நிறுத்தும் கட்டளை முதலில் இருந்தது. 1998இல் வந்த பதிப்பிலேயே அதனைப் பயன்படுத்தாதீர் என்று அறிவித்துவிட்டார்கள்.

ஏன்? இங்கேதான் சாவி வருகிறது. இழைகள் பலவும் பொதுவாகப் பயன்படுத்தும் நினைவகப் பகுதிகள் உண்டு. இருவர் ஒரே நேரத்தில் ஒரே ஏட்டில் எழுதினால் எழுத்து குழம்பும். ஆகவே அதற்கு ஒரு பூட்டு. பூட்டின் சாவியைப் பெற்ற இழையே எழுதலாம். ஏனையவை உறங்கிக் காத்திருக்க வேண்டும். சாவியைக் கையில் வைத்திருக்கும் இழையை வெளியிலிருந்து ஒருவர் நிறுத்திவிட்டால் என்னாகும்? சாவி உறங்குபவன் மடியில். அதற்காகக் காத்திருக்கும் எல்லாரும் நின்றுபோவார்கள். நிறுத்தியவனுக்கே அச்சாவி தேவைப்பட்டால், அவனும் நின்றுவிடுவான். பிறகு எழுப்புவார் எவரும் இல்லை.

என் மாணவர் இதை விளக்கி முடிக்குமுன் நான், "இது புக்கிட் தீமா அல்லவா!" என்றேன். காட்டின் நடுவே, பகுதிச் சாவியோடு ஒரு வண்டியை நிறுத்திவைத்தால் தெற்கே தஞ்சோங் பகாரிலும் வடக்கே ஜொகூர் பாருவிலும் வண்டிகள் தேங்கும். ஆகவே வண்டி நிற்க வேண்டிய இடம், சாவியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கும் நிலையமே. பிறர் வழியை மறிக்கும் எதுவும் கையில் இல்லாத இடம் அது. கணினியிலும் அதுவே முறை என்றார் அவர். நிறுத்த விரும்புபவர் ஒரு கொடியை மட்டும் உயர்த்துவார். ஓடும் இழை, தன் சாவிகளையெல்லாம் கொடுத்துவிட்ட ஓர் இடத்துக்கு வந்ததும் அக்கொடியைப் பார்க்கும். உயர்ந்திருந்தால் தானே உறங்கும். கொடி தாழ்ந்தபின் எழுப்புவார்கள். நிறுத்தும் உரிமை ஒருவரிடம். நிற்கும் இடத்தைத் தெரியும் பொறுப்பு மற்றவரிடம்.

இந்த ஒப்புமை நாங்கள் கட்டியது என்று மகிழ்ந்திருந்தேன். என் மாணவர் சிரித்துக்கொண்டே, டச்சு நாட்டு அறிஞர் டைக்ஸ்ட்ரா 1960களிலேயே இழைகளை நிறுத்தி எழுப்பும் கருவிக்கு இரயில் கைகாட்டியின் பெயரையே வைத்துவிட்டார் என்றார். உலகமே இன்றும் அப்பெயரைத்தான் வழங்குகிறது. நம் மக்கள் இருப்புப் பாதையோரம் நின்ற அந்தக் கம்பத்தைப் பார்த்த அளவிலேயே 'கைகாட்டி' என்று அழைத்தார்கள். எந்தக் குழுவும் கூடி ஆக்கிய சொல் அன்று அது. கணினிக்கு அச்சொல்லை எடுத்துக்கொள்வதில் நமக்கென்ன தடை?

அடுத்ததுதான் பாடத்தின் கடினமான பகுதி. தாழ்ந்த முன்னுரிமையுள்ள சரக்கு வண்டி ஒன்று சாவியைப் பெற்றுத் தடத்துக்குள் போய்விட்டது. உயர்ந்த முன்னுரிமையுள்ள விரைவு வண்டி வந்து சாவிக்காகக் காத்திருக்கிறது. இதில் தவறில்லை, சரக்கு வண்டி சிறிது நேரத்தில் வெளிவந்துவிடும். ஆனால் கணினியில் ஓடும் தடமே பொது. சாவி தேவைப்படாத நடுத்தர முன்னுரிமை இழை ஒன்று அப்போது எழுகிறது. அது சரக்கு வண்டியைவிட உயர்ந்தது. ஆகவே முறையாளர் சரக்கு வண்டியை நிறுத்தி நடுத்தரத்தை ஓடவிடுகிறார். விதிப்படி அது சரியே. விளைவோ, எல்லாரிலும் உயர்ந்த விரைவு வண்டி, தன்னைவிடத் தாழ்ந்த நடுத்தர வண்டி ஓடி முடியும் வரை காத்துக் கிடக்கிறது. ஒவ்வொரு முடிவும் விதிப்படி. மொத்தம் மட்டும் தலைகீழ்.

1997ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் செவ்வாய்க் கோளில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்தில் இதுவே நிகழ்ந்தது. இறங்கிய சில நாள்களில் அதன் கணினி மீண்டும் மீண்டும் தானாகவே தொடக்க நிலைக்குத் திரும்பலாயிற்று. வானிலைத் தகவல் திரட்டும் தாழ்ந்த பணி ஒன்று பொதுப் பூட்டின் சாவியை வைத்திருந்தது. தகவற்பாதையை நிருவகிக்கும் உயர்ந்த பணி அதற்குக் காத்திருந்தது. இடையில் செய்தித் தொடர்புப் பணி நெடுநேரம் ஓடியது. உயர்ந்த பணி கெடுவுக்குள் முடியாததைக் கண்ட காவல் ஏற்பாடு, ஏதோ பெரும் பிழை என்று கருதிக் கணினியை மறுபடியும் தொடக்கியது. அக்கலத்தில் இருந்தது லினக்ஸ் அன்று. விஎக்ஸ்வொர்க்ஸ் என்னும் வேறோர் இயங்குதளம். நோயோ எல்லா இயங்குதளத்துக்கும் பொது. பூமியில் இருந்த மாதிரிக் கணினியில் காரணத்தைக் கண்டறிந்து, ஏறத்தாழ 19 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த கலத்துக்கு ஒரு சிறு திருத்தத்தை அனுப்பினார்கள். பூட்டில் ஏற்கெனவே இருந்த ஒரு வசதியைச் செயற்படுத்தியதே அத்திருத்தம்.

அந்த வசதியின் தத்துவம் மிக எளியது. விரைவு வண்டி காத்திருக்கும் வரையில், சாவியை வைத்திருக்கும் சரக்கு வண்டிக்கு விரைவு வண்டியின் முன்னுரிமை வழங்கப்படும். நடுத்தரம் அதனை நிறுத்த முடியாது. சாவியைக் கொடுத்த கணமே அது தன் பழைய நிலைக்குத் திரும்பும். இம்முறையை ஆராய்ந்து, காத்திருப்பு இவ்வளவுக்கு மேல் நீளாது என்று கணக்கால் நிறுவிய கட்டுரை 1990இல் வெளிவந்தது. எழுதியோர் மூவர்: லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹாக்ஸ்கி. இவர்களுள் ராஜ்குமார் 1984இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்று, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1989இல் முனைவரானவர். பாத்ஃபைண்டர் கதை 1997 டிசம்பரில் ஓர் ஆய்வு மாநாட்டில் கூறப்பட்டபோது, அக்கட்டுரையை எழுதியோர் அவையிலேயே இருந்தனர் என்றும், கூட்டத்தார் அவர்களுக்குக் கைதட்டி வாழ்த்துக் கூறினர் என்றும் அங்கிருந்தவர் பதிவு செய்துள்ளார். "தமிழ் தேர்வுக்குத்தான்" என்று சொன்ன பெண்ணுக்கு இச்செய்தியைத் தனியே சொல்லும்படி என் மாணவரிடம் கூறினேன்.

லினக்ஸில் இவ்வசதி 2006இல் பயனர் இழைகளின் பூட்டுகளுக்கு வந்தது. இயங்குதளத்தின் உள்ளே நிகழ்வது அனைத்தையும் நேரந்தவறாமைக்கு உட்படுத்தும் பெருமுயற்சியோ ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தனித் திருத்தத் தொகுப்பாகவே இருந்துவந்தது. தாமஸ் கிளைக்ஸ்னர் முதலிய சிலர் அதனைக் கைவிடாது காத்தனர். 2024 நவம்பரில் வெளிவந்த 6.12ஆம் பதிப்பில்தான் அது முதன்மை லினக்ஸில் முழுமையாகச் சேர்ந்தது. இருபது ஆண்டு என்பது ஓர் ஆசிரியரின் பணிக்காலத்தில் பெரும்பகுதி. வாயிலில் நின்றபடியே அத்தனை காலம் ஒரு வேலையைச் செம்மை செய்துகொண்டிருந்தவர்களை எண்ணினால் எனக்கு மதிப்பு மிகுகிறது.

மற்றொரு செய்தியையும் இங்கே சொல்லியாக வேண்டும். தலைமையாசிரியனாகிய என்னை மிகவும் சிந்திக்க வைத்தது இதுதான். உயர்ந்த முன்னுரிமை இழை ஒன்று, எழுதியவரின் பிழையால் நிற்காமலே ஓடினால் ஏனைய எல்லாம் பட்டினி கிடக்கும். கணினியை நிறுத்தும் கட்டளைகூட ஓட இடமிராது. ஆதலால் லினக்ஸில் நெடுங்காலமாக ஒரு வரம்பு உண்டு. நிகழ்நேர இழைகள் அனைத்தும் சேர்ந்து ஒரு நொடியில் 950 மில்லி நொடிக்கு மேல் எடுக்க முடியாது. எஞ்சிய 50 மில்லி நொடி சாதாரண இழைகளுக்கு. அண்மைப் பதிப்புகளில் இதை நிறைவேற்றும் வழி மாறியுள்ளது. தாழ்ந்தோருக்கென ஒரு பங்கை ஒதுக்கும் கொள்கை மாறவில்லை. மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் ஆறாம் ஆண்டுத் தேர்வு 2021இல் நீக்கப்படும் வரை, தேர்வு வகுப்பே எங்கும் விரைவு வண்டி. சிறந்த ஆசிரியர், கூடுதல் வகுப்பு, புதிய நூல் யாவும் அங்கே. இரண்டாம் ஆண்டில் எழுத்துக்கூட்டத் தடுமாறிய பிள்ளைக்கு நூற்றில் ஐந்து பங்காவது எழுதிவைத்த விதியாக இருந்த பள்ளிகள் எத்தனை? அப்பிள்ளைதான் நான்காண்டு கழித்து அதே தேர்வு வகுப்பில் வந்து அமர்ந்தது.

நான்காம் சனிக்கிழமை சொற்களுக்காக வழக்காடினோம். இழை, பூட்டு, சாவி, முறையாளர், கைகாட்டி ஆகியவற்றில் கருத்து வேறுபாடு இல்லை. நோய்க்குத் 'தலைகீழ் முன்னுரிமை' என்று பெயரிட்டோம். மருந்தின் பெயரில்தான் முரண்பட்டோம். ஆங்கிலப் பெயரைப் பின்பற்றி 'முன்னுரிமை மரபுரிமை' என்று எழுதிவந்திருந்தார் அவர். நான் மறுத்தேன். தந்தை மறைந்தபின் மகனுக்கு வருவது மரபுரிமை. அது திரும்பப் போவதில்லை. இங்கே எவரும் மறையவில்லை. உரியவர் அருகிலேயே காத்திருக்கிறார். வேலை முடிந்ததும் பெற்றதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பக்கத்து வீட்டில் குடையும் ஏணியும் வாங்கிவந்து திருப்பிக் கொடுப்பதற்கு நம்மிடம் நல்ல சொல் இருக்கிறதே: இரவல். 'இரவல் முன்னுரிமை' என்றேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். "ஐயா, இத்தனை ஆண்டு இதை வைத்து வேலை செய்கிறேன். திருப்பிக் கொடுக்கும் பகுதி பெயரிலேயே இருக்கலாம் என்று தோன்றியதில்லை" என்றார். மொழிபெயர்ப்புக்கும் சொல்லாக்கத்துக்கும் உள்ள தொலைவைப் பற்றி நம் பயிற்சி ஆசிரியர்களிடம் நான் பல முறை பேசியதுண்டு. அன்று கிடைத்ததுபோல் ஓர் எடுத்துக்காட்டு எனக்கு முன்பு வாய்த்ததில்லை.

வகுப்பு, அவர் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நடந்தது. தரையில் சுண்ணக்கட்டியால் ஒற்றைத் தடம் வரைந்தோம். நடுவில் ஒதுங்கும் பாதை. அவர் வீட்டுச் சாவியே தடத்தின் சாவி. ஒரு சிறுவன் சரக்கு வண்டி, ஒரு சிறுமி நடுத்தர வண்டி, அவர் மகளே விரைவு வண்டி. முறையாளராக நான் கைதட்டினால் ஓட வேண்டும், கை உயர்த்தினால் நிற்க வேண்டும். சாவியோடு நின்றுபோன சிறுவனைப் பார்த்து விரைவு வண்டி, "சாவியைக் கொடுடா!" என்று கூச்சலிட, "நான் எப்படி வருவேன்? என்னை நிறுத்திவைத்திருக்கிறார்களே!" என்று அவன் அழமாட்டாக் குறையாகச் சொல்ல, தலைகீழ் முன்னுரிமை எல்லார்க்கும் விளங்கிவிட்டது. பிறகு இரவல் முன்னுரிமை. விரைவு வண்டியின் தலையிலிருந்த காகிதக் கிரீடத்தைச் சரக்கு வண்டிக்குச் சூட்டினோம், அவன் நிமிர்ந்து ஓடிவந்து சாவியைக் கொடுத்தான், கிரீடமும் கைமாறியது. இடையிடையே பிள்ளைகள் ஆங்கிலத்தில் தமக்குள் பேசிக்கொண்டார்கள். நாங்கள் தடுக்கவில்லை. 'சாவி', 'இரவல்' என்னும் சொற்கள் அந்த ஆங்கிலப் பேச்சிலும் அப்படியே வந்தன.

முடிவில் கேள்வி கேட்கச் சொன்னபோது, முதலில் எழுந்தவள் அவர் மகள். "சாவியைக் கொடுத்தவுடனே கிரீடத்தைப் பறித்துவிடுவது நியாயமா, அப்பா? அவன்தானே ஓடிவந்து என்னைக் காப்பாற்றினான்?" என்று தமிழிலேயே கேட்டாள். பறிக்காவிட்டால் அடுத்த விரைவு வண்டிக்கு என்னாகும் என்று அவர் திருப்பிக் கேட்டார். அவள் ஒப்பவில்லை. சரக்கு வண்டியாக இருந்த சிறுவனும் ஒப்பவில்லை. ஒரு முறையாவது அவனை முதலில் போகவிட வேண்டும் என்று ஒரு சாராரும், அப்படி விட்டால் இயந்திரக் கை இடித்துவிடும் என்று மற்றொரு சாராரும் வாதிடத் தொடங்கினர். எல்லை கடக்க எனக்கு நேரமாகிவிட்டது. நான் விடைபெற்றுப் படியிறங்கும்போது என் மாணவர் தரையில் குனிந்து, பிள்ளைகள் கேட்டபடி இரண்டாவது ஒதுங்கு பாதை ஒன்றை வரைந்துகொண்டிருந்தார்.